வெளிச்சத்துக்கு உறுதி எழுதவில்லை

இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் கைபேசியைத் திறந்தேன். முதலில் வந்தது ரமணன் போட்ட படம்.

குருநகரில் இரண்டு மதில்களுக்கு நடுவே போகும் ஒழுங்கை. சாய்வாக விழும் ஒற்றை வெளிச்சக்கோடு. அந்தக் கோட்டுக்குள் சரியாகக் கால் வைக்கிறாள், மீன்கூடையோடு ஒரு பெண்.

அந்த இடம் எனக்குத் தெரியும். ஏழு மணிக்குப் பிறகு பத்து நிமிடம்தான் அந்த வெளிச்சம் அங்கே நிற்கும். பதினொரு நாள் காலையில் கமராவோடு காத்து நின்றிருக்கிறேன். ஆள் வந்தால் முகில் மறைக்கும். வெயில் வந்தால் யாராவது மோட்டார்சைக்கிளைக் குறுக்கே விட்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடக் காலத்து நண்பன் என்று, போன கிழமை ரமணனை அங்கே கூட்டிப்போய் எங்கே நிற்கவேண்டும் என்றுகூடக் காட்டினேன்.

படத்தின் கீழே எழுதியிருக்கிறான்: "போற வழியிலை தற்செயலாய்க் கண்ணிலை பட்டது."

உடனே அழைத்தேன். "தற்செயலோடா?"

சிரித்தான். "என்னடி, காணிக்கு எழுதிறமாதிரி வெளிச்சத்துக்கும் உறுதி எழுதி வைச்சிருக்கிறியோ?"

"இல்லை. நான் காட்டின இடமெண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமெல்லோ?"

"உந்த வரியையெல்லாம் ஆர் வாசிக்கினம்?" என்றுவிட்டு வைத்துவிட்டான்.

இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிவிட்டது. திரும்பி நடந்து, வேலைக்கும் பிந்திப் போனேன்.

படம் நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

"அருமை" என்று அவன் படத்தின் கீழே எழுதியவர்களில் பாதிப்பேர் என் பக்கத்திலும் இருக்கிறீர்கள். பரவாயில்லை. காலை வெயில் நல்லாய் விழும் வேறொரு ஒழுங்கை தெரிந்தால் சொல்லுங்கள். உள்பெட்டியில் மட்டும்.