ஜெபராஜ் சாரின் ஒழுகிய முதலை

ஞாயிறு காலை, ஆலயத்துக்குப் புறப்படப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "ஜெபராஜ் சார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று ஞாயிறு பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்கு யாரோ கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். சார் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

பீர்க்கன்கரணையில் எங்கள் சிறிய ஆலயத்துக்கு வந்து போகிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தாம்பரத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது ஞாயிறு பள்ளியில் அந்த ஒரு வகுப்புதான்.

ஒரு மழையில் ஏரி முதலை ஒன்று தெருவுக்கே வந்துவிட்டது. வனத்துறையினர் பிடித்துப் போன பிறகும் பிள்ளைகளுக்குப் பயம் போகவில்லை. அடுத்த வாரமே சார் தாவீது ராஜாவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டு முதலையை ஆரம்பித்தார். "இன்னா ஃபிட்டிங் பாருங்க! கண்ணும் மூக்கும் மேல, உடம்பு மொத்தம் தண்ணிக்குள்ள. டிராயிங் போடாம எவனாவது இப்டி செய்வானா?" டிராயிங் போட்டவர் கடவுள் என்பது பாடம்.

ஞாயிறுகளில் சாருக்குத் துணையாக அந்த வகுப்பில் இருந்தாலும், வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் பரிணாமம் நடத்துகிறவள் நான். பொறுக்க முடியாமல் ஒருநாள், "கோடிக்கணக்கான வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வந்தது சார்" என்றேன். "சரி டீச்சர், ஆளு நிதானமா வேலை பாக்குறவரு. அவசரப்பட்டா ஒழுகுமில்ல?" என்றார். இந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மாதக்கணக்கில் முதலையே ஓடியது. பெற்றோர் முறையிட்டார்கள். பாஸ்டர் கூப்பிட்டு, "அடுத்த ஞாயிறு நானே வந்து உட்காருவேன். சரியா வரலேன்னா கிளாஸை டீச்சர்கிட்ட குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் சார் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஞாயிறன்று பிளாஸ்டிக் பைப்பில் செய்து பச்சை பெயிண்ட் அடித்த முதலையோடு வந்தார். தண்ணீருக்கடியில் வாயைத் திறந்தாலும் முதலையின் தொண்டையை ஒரு மடல் அடைத்துக்கொள்ளும். அதைக் காட்ட சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டியிருந்தார். டப்பில் அமுக்கி வாயைத் திறந்தார். குபுகுபுவென்று வயிறு நிறைந்தது. பதறிப்போய்த் தூக்கினார், வால் வழியாக அத்தனையும் பாஸ்டரின் வெள்ளை அங்கியில் கொட்டியது.

"சார், முதலை செத்துப்பூடுச்சு!" என்று கத்தினாள் ஒரு பெண்.

சார் டப்பைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். "முப்பது வருஷம் சர்வீஸ் எனக்கு. நான் செஞ்சேன், ஒழுகுது. ஏரில கீதே, அது ஒழுகுதா? இப்ப சொல்லுங்க, யாரு பெரிய ஃபிட்டரு?"

பிள்ளைகள் கூரையை நோக்கிக் கைகாட்டி ஆர்ப்பரித்தார்கள். அங்கியைப் பிழிந்துகொண்டே பாஸ்டரும் சிரித்துவிட்டார். வகுப்பு சாரிடமே இருந்தது.

செய்தி வந்த அன்று அந்த வகுப்பை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாருக்கு இதய வால்வில் ரத்தம் ஒழுகும் கோளாறு என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. நான் பேச்சைத் தொடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"முதலைக்கு அவ்ளோ கரெக்டா வெச்சவரு, நம்ம சாருக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒழுகுற மாதிரி வெச்சாரு?"

என்னிடம் அறிவியலில் ஒரு பதில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. சாரிடமும் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்ட மாத்திரத்தில் நான் சண்டைக்குப் போயிருப்பேன். "தெரியலம்மா" என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்த வகுப்பும் இந்தக் கேள்வியும். வருகிற ஞாயிறும் அவள் முன்வரிசையில்தான் உட்காருவாள்.