போகாத சாயம்

சோமனூரில் ஒரு துணிக் கம்பெனியில் லோகப்பிரியாவுக்கு இருபது வருஷமாக ஒரே வேலை. வருகிற சேலைகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்ப்பாள். வெள்ளையில் துளி நிறம் ஒட்டினாலும் அத்தனையும் திரும்பிப் போய்விடும். முதலாளி வந்து சொன்னாலும் அவளிடம் நடக்காது. ஒட்டாவிட்டால், "எடுத்துக்கலாமுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணின் ஊதா முடியைப் பார்த்து மயங்கி, தலைக்குக் குளித்தால் போய்விடும் என்ற சாய டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். முடியோ இடுப்புக்குக் கீழே தொங்கும். டப்பாவில் இருந்த சாயம் முடி நுனியில் ஒரு சாணுக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஞாயிறு முழுக்கச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தாள்.

கணவன் கதிர்வேல் சடையைத் தூக்கிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குது அம்மணி. சாயம் போகுமா?"

"போறதுக்குத்தானுங்க வாங்குனேன்." சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கள் காலையில் ஷாம்பூ போட்டு மூன்று முறை அலசினாள். ஊதா அப்படியே இருந்தது.

"கம்பெனிக்கு இப்படியேவா போற?" என்றான் கதிர்வேல்.

அவள் பழக்க தோஷத்தில் ஈர நுனியை வெள்ளைத் துண்டில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். வெளிச்சத்தில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு துளி நிறம் ஒட்டவில்லை.

கொண்டை போட எடுத்த கிளிப்பைத் திரும்ப வைத்துவிட்டுச் சடையைத் தொங்கவிட்டாள்.

"எடுத்துக்கலாமுங்க."