கொள்ளு மடக்கி உழுத இரண்டு ஏக்கர்

அம்மா போன மாசியில் இறந்தார். உடலுக்கு மாலை போட வந்த கோவர்த்தனன் மகன், "எங்க நெலத்துல நல்லா ஒழைச்சவங்க" என்றார். நான் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவர் சொன்ன அந்த இரண்டு ஏக்கர் எங்களுடையது. அம்மா அதில் கூலிக்கு ஒரு நாளும் இறங்கியதில்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அவர் பெயர் செல்லியம்மா. சத்தியவேட்டுக்கு மேற்கே, ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா இறந்த பிறகு சர்க்கார் அவருக்கு இரண்டு ஏக்கர் தரிசு கொடுத்தது. சரளை மண். கேழ்வரகு முழங்காலைத் தாண்டாது. வருஷம் தவறாமல் பயிர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் திரும்பிப் போய்விடும் என்பது நிபந்தனை.

1959 கார்த்திகையில் கேழ்வரகு அறுத்ததும் கொள்ளு விதைத்தார். ஊரில் பலரும் செய்வதுதான். பனி ஈரத்திலேயே வளர்ந்துவிடும். ஆனால் அம்மா அதைக் காய்க்க விடவில்லை. பூ எடுத்ததும் தை மாதத்தில் செடியோடு மண்ணுக்குள் மடக்கி உழச் சொன்னார். மக்காச்சோள விதை கொடுத்த விவசாய ஊழியர் சொன்ன யோசனை அது. ஏரும் மாடும் அம்மாவின் தம்பி கன்னையாவுடையவை.

"துன்ற பயிர மண்ணுக்குப் போடுறியே அக்கா. மண்ணு என்னா, உனுக்கு மருமவனா?"

"மருமவன்னா இன்னும் கேப்பான். நீ ஓட்டு."

"ஒரு ஓரமாவது உடு. ரசத்துக்கு எங்க போவ?"

கிழக்கோரத்தில் ஒரு பட்டை மட்டும் விட்டார். அது காய்த்தது, தின்றோம்.

கொள்ளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கின்றன. பூக்கும்போது மடக்கி உழுதால் அது மக்கி அடுத்த பயிருக்குச் சேரும். காய்க்க விட்டால் பெரும்பகுதி விதையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து எவ்வளவு கொடுத்தாலும் போதாது. விஞ்ஞானம் இவ்வளவுதான்.

மாசியில் மக்காச்சோளம் போட்டார். கன்னையா மாமா வாய்க்காலிலிருந்து ஏற்றம் இறைத்தார். வைகாசியில், உழுத பகுதி ஆள் உயரத்துக்கு மேல் கரும்பச்சையாக நின்றது. கிழக்கோரம் இடுப்பளவுதான். அங்கே தழைச்சத்து போதாமல் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளாகிக் காய்ந்தன.

அதற்குள் சத்தியவேடு சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போயிருந்தது. புதிதாக வந்த அதிகாரி, முன்பு கொடுத்த தரிசுகளைப் பார்வையிட வந்தார். கூடவே கோவர்த்தனன். பக்கத்து நிலக்காரர், எங்கள் இரண்டு ஏக்கரும் சேர்ந்தால் அவர் நிலம் வாய்க்காலைத் தொட்டுவிடும்.

"ஏமம்மா, இதி பஞ்சரு பூமியா?" இதுவா தரிசு என்று கேட்டார் அதிகாரி.

"தரிசுதான் சார் குடுத்தாங்க. கொள்ள மடக்கி உழுதேன்."

கோவர்த்தனன் சிரித்தார். "கொள்ள உழுதா சரளை வண்டலாயிடுமா? எங்க தாத்தா காலத்துலருந்தே நல்ல நெலம் சார் இது. தப்பா குடுத்துட்டாங்க."

அம்மா அதிகாரியைக் கிழக்கோரத்துக்கு அழைத்துப் போனார். "இதான் சார் இந்த மண்ணு. இங்க மட்டும் மடக்கல. ரெண்டுக்கும் ஒரே வெத, ஒரே தண்ணி."

"இக்கட நுவ்வு சரிகா சூடலேது." இங்கே நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பயிர் வராமல் போயிருந்தால் நிபந்தனையை மீறினாள் என்று பிடுங்கியிருப்பார்கள். நன்றாக வந்தது; ஆகவே இவ்வளவு நல்ல நிலத்தைத் தரிசென்று கொடுத்ததே தவறு என்று பிடுங்கினார்கள். கதிரை ஒடித்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். நிலம் ஏலத்துக்கு வந்தது. கோவர்த்தனனுக்கு எதிராக ஊரில் ஒருவரும் ஏலம் கேட்கவில்லை; நிலம் அவருக்கே போனது.

அடுத்த பட்டத்தில் அவர் போட்ட மக்காச்சோளம் நிலம் முழுக்க மஞ்சளடித்தது. ஒரு தடவை மடக்கிய கொள்ளு எத்தனை பயிருக்குத் தாங்கும்? கார்த்திகையில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"செல்லி, உனுக்குக் கைராசி. கொள்ளு போட்டு, எப்போ மடக்கணும்னு நீயே நின்னு பாத்துக்கோ. ஆம்பள கூலி தர்றேன்."

"கைராசி இல்லீங்க ஐயா. அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் சிரிச்சிக்கினு இருந்தீங்க."

"பழச உடு. வர்றியா, இல்லியா?"

"வேற வேலைக்குக் கூப்புடுங்க, வர்றேன். அந்த நெலத்துல கொள்ளு போட வரமாட்டேன்."

அவர் வேறு வேலைக்கும் கூப்பிடவில்லை. அம்மா எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் நடவுக்குப் போனார்.

கோவர்த்தனன் கொள்ளு போடத்தான் செய்தார். பூ எடுத்தது. மடக்க மனம் வராமல் காய்க்க விட்டு, அறுத்து, மூட்டை கட்டினார். வீட்டில் குதிர் நிறைய நெல் வைத்திருந்தவர். அம்மா மடக்கி உழுத தை மாதத்தில் எங்கள் அடுப்பில் கூழ் மட்டும்தான் கொதித்தது.