கடைசி ஆளின் பிளேடு

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கம் இருப்பது மாஸ்டருடையது. மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் கிடப்பது என்னுடையது. மாஸ்டர்தான் கடைக்கு முதலாளியும். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவி எனக்கு அண்ணி. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

அண்ணன் வேலை நேரத்தில் பேச மாட்டார். நான் வாயை மூட மாட்டேன். "வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும்டா" என்பார். அந்தப் பேச்சும் சில வருடங்களாகக் குறைந்துவிட்டது. ஒரு தலைக்கு முடி வெட்டுவதற்குள் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். தூங்குமூஞ்சி மாஸ்டர் என்று பேரே வைத்துவிட்டார்கள். "யோவ், கண்ணத் தொறந்து வச்சு வெட்டுய்யா, காது ரெண்டும் வேணும் எனக்கு" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அது தூக்கம் இல்லை, ஈரல். எப்போதோ யாருக்கோ ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற ஈரல் கிருமி இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள் தவறியதில்லை. அண்ணிக்கும் மகளுக்கும் தடுப்பூசி போட வைத்தார். என்னையும் நச்சரித்துப் போட வைத்தார். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் தன் வாடிக்கையாளரை என் நாற்காலிக்கு அனுப்பிவிடுவார். தனக்கு மழித்துக்கொள்ளும் கத்தியில் சிவப்பு நூல் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் அவர் கண் முன்னாலேயே காகிதம் பிரித்துப் புது பிளேடு எடுத்து, இரண்டாக உடைத்துப் பாதியை மாட்டுவார். "நம்மகிட்டேருந்து ஒருத்தருக்கும் போகக் கூடாதுடா." இதுதான் அவருடைய பேச்சு.

ஆனால் கடை மூடும் முன் தனக்கு மழித்துக்கொள்வாரே, அதற்குப் புது பிளேடு கிடையாது. கடைசியாக வந்த ஆளுக்குப் போட்டது ஒரு முகம்தானே பார்த்திருக்கிறது, கூர் அப்படியே இருக்கும், தூக்கிப் போட மனசு வராது. குழாயில் அலசித் தன் கத்தியில் மாட்டிக்கொள்வார். நானும் அப்படித்தான். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டு, "உனக்கு மட்டும் என்னய்யா பழசு?" என்றார். "நனஞ்சவனுக்கு முக்காடு எதுக்குங்க?" என்று சிரித்தார் அண்ணன். அவர் போனதும், "எனக்குத்தான் ஏற்கனவே கிருமி இருக்கேடா" என்றார் என்னிடம்.

பிறகுதான் சனி பிடித்தது. ரத்தப் பரிசோதனையில் பி கிருமி தேடினாலும் கிடைக்கவில்லை, அந்த அளவுக்கு மாத்திரை அதை அடக்கியிருந்தது. ஆனால் ஈரல் கெடுவதைக் காட்டும் எண் மட்டும் இறங்கவே இல்லை. "குடிக்கிறீங்களா?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "இல்லீங்க." "மறைக்காதீங்க, ஈரல் பொய் சொல்லாது." பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி தன் அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவள். கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் சொல்லியிருந்தாள்: "எத வேணா பொறுத்துக்குவேன். குடிச்சா இருக்க மாட்டேன்." அந்த டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் சாயங்காலம் வாசற்படியிலேயே சோதனை. "ஊதுங்க" என்பாள். மீசை வைத்த மனுஷன் குழந்தை மாதிரி வாயைத் திறந்து ஊதிவிட்டு உள்ளே போவார். நாங்கள் கத்தரிக்கோலையும் கத்தியையும் ஸ்பிரிட்டில் துடைப்பவர்கள், சட்டையெல்லாம் அந்த வாடைதான். "வாயில இல்ல, சட்டையில மட்டும் எப்படி வருது?" என்பாள் அவள். என்னத்தைச் சொல்ல!

அடுத்த பரிசோதனையில் எண் இன்னும் ஏறியது. அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போய்ச் சண்டை போடுங்கண்ணே! சத்தியம் பண்ணுங்க! கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே!" என்று கடையிலேயே கத்தினேன்.

"எத்தன தடவடா இல்லேன்னு சொல்றது? அலுத்துப்போச்சு" என்றார். சொன்ன குரலில் கோபம்கூட இல்லை.

நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக வேறொரு ஆஸ்பத்திரிக்கு, ஈரல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவரும் குடியைப் பற்றிக் கேட்டார், இல்லை என்றதும் இல்லை என்றே எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "பி சரி, ஹெபடைடிஸ் டி-க்குப் பாத்தாங்களா?" என்றார்.

"டி-யா? இசட் வரைக்கும் இருக்கா டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். ரத்தம் எடுத்தார்கள். இருந்தது.

டி தனியாக வாழாதாம். பி இருக்கிற உடம்பில்தான் ஒட்டிக்கொள்ளுமாம், ஈரலை இன்னும் வேகமாகக் கெடுக்குமாம். பி-க்குச் சாப்பிடும் மாத்திரை அதை ஒன்றும் செய்யாதாம்.

"அப்ப வாடகைக்கு வந்தவன் உள்வாடகைக்கு இன்னொருத்தன சேத்துக்கிட்டான். நாம மொதல்ல வந்தவன அதட்டி உக்கார வச்சிருக்கோம், அவன் செவுத்த இடிச்சிட்டிருக்கான். அப்படித்தானே?" என்றேன்.

"அப்படித்தான். ரத்தம் வழியா வரும். அடுத்தவங்க ஊசி, கத்தி ஏதாவது?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடுங்க. அதுல நான் தவறினதே இல்ல."

"உங்களுக்கு?"

அண்ணன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கடைசி ஆளின் பிளேடைப் பற்றி நான்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த வழியா வரலாம்." எனக்கும் சோதித்தார்கள். பி இல்லை, அதனால் டி-யும் இல்லை. நானும் அதே மாதிரி அடுத்தவர் பிளேடில்தான் மழித்தவன். அண்ணன் நச்சரித்துப் போட வைத்த தடுப்பூசி என்னைக் காப்பாற்றியிருந்தது.

அண்ணனுக்கு இனி வாரா வாரம் ஊசி, ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு. காய்ச்சல் வரும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், கேட்கும் என்று உறுதியும் இல்லை. ஈரலில் ஏற்கனவே தழும்பு விழுந்திருந்தது.

வெளியே வந்ததும், "வாங்கண்ணே, அண்ணிகிட்ட சொல்லலாம்" என்றேன்.

"வேணாம்டா. நான் சொன்னப்ப நம்பல. இப்ப பேப்பரு சொன்னா நம்புவா. அந்த நம்பிக்கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அவருக்குத் தெரியாமல் அண்ணியின் அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு வார்த்தை திட்டியும்விட்டேன். அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அவரு குடிக்கவே இல்லியா?"

"ஒரு சொட்டு இல்ல அண்ணி."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு திட்ட எனக்கு மனசு வரவில்லை.

முதல் ஊசி போட்ட மறுநாள் அண்ணனுக்குக் காய்ச்சல். சொன்னால் கேட்காமல் கடைக்கு வந்து, தன் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணி உள்ளே வந்தாள். கையில் புது பிளேடு பாக்கெட். அவர் முகத்துக்கு நேரே குனிந்து, தாடி முளைத்த கன்னத்தைப் பார்த்தாள்.

அண்ணன் கண் விழித்தார். எதிரே அவள் முகம். கைப்பிடியை ஊன்றி மெல்ல நிமிர்ந்தார். வாயைத் திறந்து, அவள் முகத்தில் ஊதினார்.

பாக்கெட் கீழே விழுந்தது. "ஊதாதீங்க... ஐயோ, நான் ஊதச் சொல்லலீங்க!" என்று அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள் அண்ணி.

அந்தக் கைக்குள்ளிருந்தே அண்ணன் சொன்னார்: "கோவிச்சுக்காத. பழகிப்போச்சு."