அத்தைக்கு ஒரு மைக்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத பொருள் எந்தக் கடையிலும் கிடையாது. தெரியாததாக இருந்தால், அது நல்ல பொருள் இல்லை என்று சொல்லிவிடுவார். ஆகவே அத்தைக்கு மைக் வாங்க வேண்டும் என்று வந்தபோது, யார் போவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இளையவள். பன்னிரண்டு வருஷம் புருஷன் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு நாள் துணிப்பையோடு குரும்பலூருக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டில் அவள் இருப்பதே தெரியாது. நடவுக்குப் போனால் மட்டும் குனிந்தபடி பாடுவாள். இருபது பெண்கள் குனிந்திருக்கும் வயலில் பாட்டு யார் வாயிலிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அவர் அரியலூரில் ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்குழு நடத்திவந்தார். உறவுக்காரர் வீட்டுக்கு எங்கள் ஊருக்கு வந்தவர், வரப்பில் நின்று கேட்டுவிட்டு, பாடியது யார் என்று விசாரித்திருக்கிறார். மற்ற பெண்கள் அத்தையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டு பாட்டைக் கேசட்டில் பதிந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார் டீச்சர். குழுவில் மைக் குறைவு, சேர்த்துக்கொண்டால் மேடைக்குச் சொந்த மைக்கோடு வந்தால் நல்லது என்றும் சொன்னார். அத்தையிடம் களையெடுக்க வா, கதிர் அறுக்க வா என்று கேட்டவர்கள் உண்டு. பாட வா என்று கேட்டது அவர் ஒருவர்தான். அன்று ராத்திரி அத்தை சோறு சாப்பிட மறந்துபோனாள்.

சித்தப்பாவும் அத்தையும் நானும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் மூன்று மைக்குகளை எடுத்து வைத்தார். ஒன்றின் விலையைக் கேட்டதும் சித்தப்பா அது நல்ல பொருள் இல்லை என்று ஒதுக்கினார். கையைக் கடிக்காத விலையில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, பென்சில் பேட்டரி போட்ட ஒல்லி மைக். ஈ பறந்தாலும் பதிவாகும், ஆனால் மேடையில் ஊளையிடும் என்றார் கடைக்காரர். இன்னொன்று, வலைத்தலை போட்ட கனமான மைக். உதட்டோடு வைத்துப் பாடினால் வீட்டில் பதியவும் ஆகும், மேடைக்கும் ஆகும். பக்கத்தில் கோழி கத்தினால்கூட அவ்வளவாக விழாது என்றார். பிறகு, "பாடுறவங்களே ஒரு தடவ பேசிப் பாத்துட்டா நல்லதுங்க" என்று அத்தையைப் பார்த்தார்.

அத்தை கடைப்படியில் தெருவைப் பார்த்து நின்றிருந்தாள். தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். கடைவீதியில் நின்று எங்கள் வீட்டுப் பெண் மைக்கில் பேசுவதா? சித்தப்பாவுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அவரே கனமான மைக்கை வாங்கி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்கி, குரும்பலூர்ப் பெருமக்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி முடித்தார். எதிர்ச்சாரி டீக்கடை வரை அதிர்ந்தது. "இதுதான்யா மைக்கு!" என்றார். அத்தைக்கு வாங்கிய மைக், சித்தப்பாவின் தொண்டைக்குப் பொருத்தம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

புதுப் பொருளை அப்படியே எடுத்து ஆள எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. சாமி படத்தின் முன் வைத்து, மைக்கின் வலைத்தலையிலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார் சித்தப்பா. கோழிகளை விரட்டி, கதவைச் சாத்தி, டேப்பை அமுக்கினார். போட்டுக் கேட்டால், "கிட்ட வெச்சுக்க, இன்னும் கிட்ட" என்ற சித்தப்பாவின் குரல் கணீரென்று இருந்தது. அத்தையின் பாட்டு நாலு வீடு தள்ளி யாரோ பாடுவது மாதிரி இருந்தது. சந்தனம்தான் அடைத்துவிட்டது என்று ஊக்கால் சுரண்டினார். மறுபடியும் அதே கதை. அத்தை மைக்கை முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டு பாடினாள். "எச்சி படும்ணே" என்றாள். சித்தப்பா கைக்குட்டையைச் சுற்றிக் கொடுத்தார். அப்போதும் முழத்தூரம் குறையவில்லை.

"மைக்குதான் சரியில்லண்ணே. வுட்டுடு" என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் மைக்கை மாற்ற சித்தப்பாவும் நானும் மட்டும் போனோம். கடைக்காரர் அதன் ஒயரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகிவிட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார். "ஏதாச்சும் பாடு பாப்பா." அத்தையின் நடவுப் பாட்டைத்தான் பாடினேன், பள்ளிக்கூடத்தில் கத்துகிற கத்தலில். தெருவே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் ஒருவர் இன்னொரு தடவை பாடச் சொன்னார். நானும் விடவில்லை.

"மைக்குல ஒரு கொறையும் இல்லீங்களே" என்றார் கடைக்காரர்.

சித்தப்பா மைக்கை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடப் பேச்சுக் கொடுக்கவில்லை.

வீட்டில் அத்தை மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய், "அத்தே, நான் பாடுனது தெரு முழுக்கக் கேட்டுச்சு!" என்றேன்.

அவள் கை நின்றது. "யாரும் வையலையா?"

"எதுக்கு வையணும்?" என்று சிரித்தேன். எனக்கு அது அவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தது. எனக்குப் பின்னால் வந்த சித்தப்பா செருப்பைக் கழற்றாமலே திரும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

அத்தை சோளத்தைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த டேப்ப எடுத்துட்டு வா" என்றாள். கைக்குட்டையை அவிழ்த்துப் போட்டாள். மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள். சித்தப்பா செய்தபடியே நானும் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத. தொறந்தே கெடக்கட்டும்."

அந்தக் கேசட் அரியலூருக்குப் போனது. அத்தையைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அதே மைக்கோடு வருஷக்கணக்கில் மேடையேறினாள். அவள் பாட்டு வாசலைத் தாண்டிக் கேட்டால் அந்தப் புருஷன் வீட்டில் வாயிலேயே அடி விழும் என்பதை, எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில்தான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. அத்தை வாசலைப் பார்த்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் தெருவுக்குக் கேட்கப் பாடிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாகக் கோழிச் சத்தம் பதிவாகிவிடுமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.