கைக்காக நேர்ந்துகொண்ட முழங்கால்

பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனவள் ஈரப்படியில் வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான் நடந்தது. மாடியிலிருந்து விழவில்லை, ஸ்கூட்டர் வந்து இடிக்கவில்லை. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பால் பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் ஓடிவந்து முதலில் பாலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் என்னைத் தூக்கினார் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் மறுப்பார். நான் பார்த்தேன்.

ஆட்டோவில் போகும்போது விவேக் நகரின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை உயிரை எடுத்தது. தெருமுனை திரும்பியதும் குழந்தை இயேசு கோயில் தெரிந்தது. வாய்விட்டே சொன்னேன்: "குழந்தை இயேசுவே, இந்தக் கை மட்டும் பழையபடி ஆயிட்டா, வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே வர்றேன்." ஆட்டோக்காரர் கோயில் பக்கம் திரும்பி நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

என் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எதையும் ஒரு சிக்னல் தாண்டித்தான் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு சிக்னல் தாண்டியதும் சொன்னார்: "ஒடைஞ்சது கை. முட்டி இன்னா பண்ணுச்சு உன்னை?"

எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. உடம்பில் எந்தப் பாகத்துக்கு என்ன வந்தாலும் முழங்காலைத்தான் நேர்ந்துகொள்வோம். வயிற்று வலிக்கும் முழங்கால், பரீட்சைக்கும் முழங்கால். அது அறுபத்து மூன்று வயது முழங்கால் என்பதை வலியில் யார் யோசிப்பார்கள்?

கட்டுப் போட்ட எலும்பு டாக்டருக்கோ உடைந்த இடத்தைவிட உடையாத இடங்கள்தான் கவலை கொடுத்தன. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிவது சரியில்லை என்று சொல்லி, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பு மெலிந்திருக்கிறது என்று வந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது சத்தமில்லாமல் நடக்குமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இளைக்க வேண்டும் இளைக்க வேண்டும் என்று புலம்பியவள் நான். கடைசியில் இளைத்தது எலும்பா?

"அடுத்த தடவை இடுப்பா இருந்துடக் கூடாதும்மா. பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

என் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர். பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிலில் கிடந்து, அங்கிருந்தே கல்லறைக்குப் போனார். பூசைக்குப் போக முடியவில்லையே என்று அம்மா அழுததில்லை. நன்மை என்கிற திருவப்பத்தைக் கொடுக்கக் கோயில் சாமியாரே வீட்டுக்கு வந்துவிடுவார். தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடியவில்லையே என்றுதான் அழுதார். எனக்குச் சாவைப் பற்றிப் பயம் கிடையாது. அந்தக் கட்டிலைப் பற்றி இருக்கிறது.

பயந்தவள் என்ன செய்வாள்? உட்கார்ந்துவிட்டேன். கட்டைப் பிரித்த பிறகும் உட்கார்ந்தேதான் இருந்தேன். கண்ணாடிக் கிண்ணத்தை யாரும் தொடாதபடி அலமாரிக்குள் வைப்பார்களே, அப்படி என்னை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். கடைக்குப் போவது கணவர், மொட்டைமாடியில் துணி காயப்போடுவது கணவர், தரையில் விழுந்த ஸ்பூனை எடுப்பதுகூடக் கணவர். வைட்ஃபீல்டில் இருக்கும் மகன் தினமும் போனில், "அம்மா, நீ எழுந்திருக்கவே எழுந்திருக்காத" என்று அன்பாக மிரட்டுவான். வெயில் என்மேல் பட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. விழுவதற்கு முன்னால் மட்டும் பட்டதா என்ன? வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராத ஊர்க்காரி நான்.

வைத்தியம் மட்டும் அமோகமாக நடந்தது. எலும்புக்கு எலும்பு என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். காய்ச்சல்காரரைப் பார்க்கப் பழம் வாங்கிப் போவார்கள். எலும்பு முறிந்தவர் வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் தூக்குச்சட்டியில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் என் கணவர் நேராக சிவாஜிநகர் போய்க் கால் வாங்கி வந்து, தீயில் வாட்டிச் சுரண்டி, மிளகு தட்டிப்போட்டு அவரே கொதிக்கவைப்பார். அது போதாதென்று பக்கத்து வீட்டு சூப், எதிர்வீட்டு சூப். "இன்னும் ரெண்டு வாரம் போச்சுன்னா நீ மேன்னு கத்த ஆரம்பிச்சுடுவே" என்றார். அவர் கிண்டலடித்தாலும் அந்தச் சூப்பின் ருசியை நான் மறக்கவில்லை. சுரண்டிச் சுரண்டி அவர் விரல்களில் மசி ஏறியிருக்கும். அதையும் மறக்கவில்லை.

விரல்கள் சரியாக மடங்கவில்லை என்று டாக்டர் அனுப்பியதால்தான் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். மைசூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம். எங்களைப் போன்றவர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். கையைப் பிடித்துவிடுவாள் என்று நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னாள். கை வலிக்கு வந்தவளுக்குக் காலில் பரீட்சையா என்று எனக்கு எரிச்சல். எழுந்தேன். பாதியிலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். இன்னொரு முறை முயன்றேன். அப்போதும் அதே பொத்.

"எத்தனை நாளா ஆன்ட்டி இப்படி உக்காந்தே இருக்கீங்க?"

"டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு."

"விழாம இருக்கச் சொன்னாரு. எழாம இருக்கச் சொல்லலையே. எலும்பு என்ன லாக்கர்ல வெக்கற நகையா? அதுக்கு வேலை குடுத்தாத்தான் பலமா இருக்கும். நீங்க ரெஸ்ட் குடுத்துக் குடுத்து அதை இன்னும் வீக் ஆக்கறீங்க."

"தினம் ஆட்டுக்கால் சூப் குடிக்கிறேனேம்மா."

"டேஸ்ட்டா இருக்கா? குடிங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. ராகி சாப்பிடுங்க, பாலு, கீரை, முள்ளோட சாப்பிடற சின்ன மீனு. சொல்ப, கொஞ்ச நேரம், வெயில்ல நில்லுங்க. கால்சியம் மாத்திரை எப்பப் போடறீங்க?"

"காலையில காபியோட."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். காபியோடு போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். அன்றிலிருந்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினேன். காபியை மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

கடைசியில், "உடம்பு சரியானா என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டாள். நேர்த்திக்கடனைச் சொன்னேன். சிரிப்பாள் என்று முன்கூட்டியே கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஹரகென்னா ஹரகெதான் ஆன்ட்டி" என்றாள். கன்னடத்தில் நேர்த்திக்கடனுக்கு அதுதான் பெயர். "எங்க அம்மாவும் வருஷா வருஷம் மலைக் கோயிலுக்கு நடந்தே போவாங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. முட்டி போட்டுப் பீடத்துக்கிட்ட போயிடுவீங்க. அங்கேர்ந்து எப்படி எழுந்திருப்பீங்க?"

நேர்ந்துகொள்கிற யார் அதையெல்லாம் யோசித்துவிட்டு நேர்கிறார்கள்? வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் ஓடியது. அம்மாவால் முடியாமல் போனதும் அதுதானே, எழுந்திருப்பது. கையைக் குணமாக்கச் சொல்லி நான் கேட்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்கு நடுவில் என் கணவர் எனக்குத் தெரியாமல் சாமியாரிடம் போய் மனுப்போட்டிருக்கிறார். ஒரு வியாழக்கிழமை நவநாள் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது சாமியார் என்னை நிறுத்தினார்.

"நேர்த்திக்கடனை மாத்திக்கலாம்மா, தப்பில்ல. நடந்து வந்து ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"அவர் கோவிச்சுக்க மாட்டார் ஃபாதர். நான்தான் கோவிச்சுக்குவேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப சரி. கம்பளம் விரிச்சிருக்கிற நடுப்பாதையில வாங்க" என்றார். காட்டிக்கொடுத்த மனிதரை விட்டு நாலடி தள்ளியே வீடு வரைக்கும் நடந்தேன். அவரும் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பிறகு ஆரம்பித்தது என் பள்ளிக்கூடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதல் வகுப்பு. அதில் தேறியதும் முக்காலி. பால் பொங்கும் வரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, கடுகு தாளிக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. இரண்டு கையிலும் துவரம்பருப்புப் பாக்கெட்டைத் தூக்கிப் பயிற்சி செய்துவிட்டு அதே பருப்பில் சாம்பார் வைத்தேன். ஈரத்துணியை நானே மாடிக்கு எடுத்துப்போய், ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். எத்தனையோ வருஷமாக அந்த மாடி அங்கேதான் இருந்தது, வெயிலும் இலவசமாகத்தான் கிடைத்தது. வாசற்படியில் கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே என் கணவர் ஆளைக் கூட்டிவந்து வைத்துவிட்டார். சாமியார் விஷயத்துக்கான அபராதம் அது என்று வைத்துக்கொண்டேன்.

தரைதான் கஷ்டம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மடித்த போர்வையின் மேல் முட்டி போட வேண்டும். முதுகைக் கூனக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்பவை அந்தப் பெண்ணின் நிபந்தனைகள். பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, தொடையில் கையை ஊன்றி எழ வேண்டும். என் கணவர் எதிரில் நின்றுகொண்டு, நான் காலை முன்னால் வைத்ததும், கண்டக்டர் மாதிரி "ரைட், ரைட்!" என்று கத்துவார். பல வாரம் வண்டி கிளம்பவே இல்லை. ஒருநாள் கட்டிலைத் தொடாமல் எழுந்துவிட்டேன். நின்ற இடத்திலேயே அழுதேன். வலியா என்று பதறினார். அம்மாவை நினைத்தேன் என்று சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் செய்து காட்டினேன். அவள் கைதட்டினாள். என் மகளாக இருந்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். பிறகு ஏன் நினைப்போடு நிறுத்த வேண்டும் என்று கட்டிக்கொண்டேன்.

நேர்த்திக்கடனை வியாழக்கிழமைக் கூட்டத்தில் செய்யவில்லை. கோயில் காலியாக இருக்கும் ஒரு வேலை நாள் காலையில் போனோம். உள்கதவில் முட்டி போட்டேன். நடுப்பாதை எவ்வளவு நீளம் என்பது அதில் முழங்காலில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். நின்று நின்று போனேன். என் கைப்பையையும் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்துவந்தார். பாதி வழியில் மெதுவாக, "போதும்னா சொல்லு" என்றார். அடுத்த முட்டியை முன்னால் வைத்தேன்.

பீடத்தின் முன்னால் போய்ச் சேர்ந்ததும், மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம் எதுவும் வரவில்லை. நன்றி என்ற சொல் மட்டும்தான் வந்தது. குழந்தை இயேசுவுக்கு நன்றி சொன்னேன். அந்த மைசூர்ப் பெண்ணுக்கு, தூக்குச்சட்டிக்காரர்களுக்கு, ஆட்டுக்கால் சுரண்டிய விரல்களுக்கு. இத்தனை வருஷம் கேட்காமலே சுமந்த என் கால்களுக்கும் சொன்னேன். சொல்லி முடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, தொடையில் வலது கையை ஊன்றி எழுந்தேன். யாரையும் பிடிக்கவில்லை.

திரும்பினால் அவர் எனக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். எப்போது போட்டார் என்று கவனிக்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். எனக்காகத்தான் ஜெபிக்கிறார் என்று நெகிழ்ந்துபோய்க் காத்திருந்தேன். ஜெபம் முடிகிற வழியாக இல்லை.

"என்னங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "முட்டி புடிச்சிக்கிச்சு. எழுந்திருக்க வரல."

வலது கையை நீட்டினேன். அவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். எந்தக் கை என்று தெரிந்ததும் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையா? வேணாம்மா. யாரையாவது கூப்புடு."

"புடிங்க. தாங்கும்."

தயங்கித் தயங்கிப் பிடித்தார். ஒரு காலை முன்னால் வைக்கச் சொன்னேன். வைத்தார். இன்னொரு கையைத் தொடையில் ஊன்றச் சொன்னேன். ஊன்றினார்.

"ரைட்" என்றேன்.

எழுந்தார். வெளியே வந்து வாசலில் செருப்புப் போட்டுக்கொண்ட பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.