பூசையில் வாசிக்காத பெயர்

பாத்திமா மேரிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். யாரும் சொல்லாமலே அதைக் கண்டுகொண்டவன் பக்கத்துத் தெரு ஆல்பின். தஞ்சாவூரில் செல்போன் ஆப் செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. பங்குக் கோயிலுக்குச் செய்து கொடுத்த ஆப்பில், பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்ற கருத்தை டைப் அடிக்காமல் வாயால் சொல்லவும் ஒரு பொத்தான் வைத்தான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அன்றைய செபமாலையில் அவன் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

கணவர் அந்தோணிமுத்து இறந்து ஒரு வருஷம் ஆக இருந்தது. நடவு வயல் வரப்பில் நின்றபடியே பொத்தானை அமுக்கி அவர் பேரையும் தேதியையும் சொன்னாள். 'உங்கள் கருத்து கிடைத்தது' என்று வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினாள்.

நினைவுப் பூசைக்கு நாகப்பட்டினத்திலிருந்து நாத்தனார் ஜாஸ்லின் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஃபாதர் இறந்தவர்கள் பேரை வாசித்தார். யார் யார் பேரோ வந்தது. அந்தோணிமுத்து பேர் வரவில்லை.

"ஏன் அண்ணி, அண்ணன அதுக்குள்ள மறந்தாச்சா?" என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள் ஜாஸ்லின்.

பாத்திமா மேரி போனோடு நேரே ஆல்பின் வீட்டுக்குப் போனாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். எந்தப் போனில் ஆப் தடுக்கினாலும் ஒரு கருவி அதைப் பிடித்து முத்திரை குத்துமாம். ஆப் மூடிக்கொண்டால் சிவப்பு. மூடாமல் சமாளித்துவிட்டால் சாம்பல். அதற்கு 'ஹேண்டில்டு' என்று பேர். அவளுடையது சாம்பலில் கிடந்தது. மேலேயும் கீழேயும் இன்னும் எத்தனையோ.

"வயல்ல சிக்னல் இல்ல அத்தை. பேரு கோயிலுக்குப் போய்ச் சேரல. அப்பறமா சிக்னல் வந்ததும் தப்பு மட்டும் எங்களுக்கு வந்துருச்சு."

"அப்ப ஏம்ப்பா கெடச்சதுன்னு போட்டுச்சு?"

"நாந்தான் அப்புடி எழுதுனேன். இல்லாட்டி ஆப் மூடிக்கும், செவப்பாயிடும். ஆபீஸ்ல செவப்ப மட்டுந்தான் பாப்பாங்க."

"சாம்பல?"

"யாரும் தொறக்கறதில்ல."

"நீ?"

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "இப்புடிச் சாம்பல் குமியறத போன மாசமே பாத்தேன்."

தனக்கென்று பொத்தான் வைத்த அதே கைதானே 'கிடைத்தது' என்றும் எழுதியது என்று நினைத்தபடியே போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் அவள்.

பெங்களூரில் பெரிய வேலை கிடைத்துக் கிளம்பும் அன்று ஆல்பின் சொல்லிக்கொள்ள வந்தான்.

"அதச் சரிபண்ணிட்டியாப்பா?"

"எங்க பண்றது, அத்தை. செவப்பே இல்லாத ஆப்புன்னு காட்டித்தான இந்த வேலையே கெடச்சுது."

"அப்ப மத்தவங்க குடுக்குற பேரெல்லாம்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படி இறங்கிய பிறகுதான் திரும்பினான்.

"நீங்க மட்டும் இனிமே ஃபாதர்கிட்ட நேர்லயே சொல்லிடுங்க, அத்தை."